அமிலமாகப் போகிறதா, அயனியாகப் போகிறதா? வாசகர் கேள்வி – பதில்

கரியமில வாயுவை மின்சாரத்தின் துணையோடு ஃபார்மேட், அசிட்டேட், மெத்தனால் போன்ற எளிய சேர்மங்களாக மாற்றி, சர்க்கரைக்குப் பதிலாக நுண்ணுயிரிகளுக்குத் தீனியாகக் கொடுக்கும் முயற்சிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை செல் சவ்வைச் சுற்றியே இருந்தன. இந்தச் சிறிய மூலக்கூறுகள் எப்படி உள்ளே போகின்றன, எப்போது தடைபடுகின்றன, அதை ஆய்வகத்திலும் ஃபெர்மெண்டரிலும் (நுண்ணுயிரிகளை வளர்க்கும் கலம்) எப்படிக் கண்டுபிடிப்பது என்பவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

குளுக்கோஸ் பெரிய மூலக்கூறு, அதற்குக் கடத்திப் புரதம் வேண்டும். ஃபார்மேட்டில் இருப்பது ஒரே ஒரு கார்பன். இவ்வளவு சிறியது தானாகவே சவ்வைக் கடந்துவிடாதா?
– முதுகலை மாணவி, மதுரை

அளவைவிட மின்னூட்டம்தான் இங்கே முக்கியம். செல் சவ்வின் நடுப்பகுதி கொழுப்பு. மின்னூட்டம் இல்லாத சின்ன மூலக்கூறு அதில் எளிதாகப் புகுந்து மறுபக்கம் வந்துவிடும். எதிர் மின்னூட்டம் கொண்ட அயனி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் வெளியிலேயே நின்றுவிடும். ஃபார்மிக் அமிலமும் ஃபார்மேட்டும் ஒரே பொருளின் இரண்டு நிலைகள். அமிலம் கடக்கும், அயனி கடக்காது. கரைசலில் எது எவ்வளவு இருக்கும் என்பதை பிஎச் தீர்மானிக்கிறது.

கணக்கு எளிது. பிகேஏ என்பது ஓர் அமிலத்தில் பாதி அயனியாகப் பிரிந்திருக்கும் பிஎச். ஃபார்மிக் அமிலத்தின் பிகேஏ 3.75, அசிட்டிக் அமிலத்தினுடையது 4.76. கரைசலின் பிஎச்-இலிருந்து பிகேஏ-வைக் கழியுங்கள், அந்த எண்ணைப் பத்தின் அடுக்காக்குங்கள், ஒன்றைக் கூட்டுங்கள், கிடைத்ததால் ஒன்றை வகுங்கள். பிரியாத அமிலத்தின் பங்கு கிடைத்துவிடும். 100 மில்லிமோலார் ஃபார்மேட் உள்ள மீடியத்தில் (வளர்ப்புக் கரைசலில்) பிஎச் 7 என்றால் பிரியாத அமிலம் வெறும் 0.056 மில்லிமோலார். பிஎச் 6-இல் 0.56. பிஎச் 5-இல் 5.3. அதே அளவு அசிட்டேட்டுக்கு பிஎச் 7-இல் 0.57, பிஎச் 6-இல் 5.4, பிஎச் 5-இல் 36.5 மில்லிமோலார்.

ஆக, நடுநிலை பிஎச்-இல் ஃபார்மேட்டுக்குத் தானாகத் திறந்திருக்கும் வழி மிகக் குறுகியது, அசிட்டேட்டுக்கு அதைவிடப் பத்து மடங்கு அகலம். பிஎச் இறங்க இறங்க இரண்டுக்குமே கடத்தியின் தேவை குறையும், நஞ்சின் அபாயம் ஏறும். கடத்தி வேண்டுமா என்ற கேள்விக்கு உங்கள் மீடியத்தின் பிஎச்-ஐச் சொல்லாமல் பதில் கிடையாது. மரபணுவை வடிவமைக்கும் முன் இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள் என்று வற்புறுத்துகிறோம்.

ஈ. கோலை பாக்டீரியாவை அசிட்டேட்டில் வளர்க்கிறேன். சோடியம் அசிட்டேட் லிட்டருக்கு 5 கிராம் போட்டால், பிஎச் 7-இல் மெதுவாகவாவது வளர்கிறது, பிஎச் 6-இல் அப்படியே நின்றுவிடுகிறது. அமிலம் எளிதாக உள்ளே போனால் நன்றாகத்தானே வளர வேண்டும்?
– ஆராய்ச்சி மாணவர், கோவை

உள்ளே போகிறது, திரும்பி வர முடியவில்லை. செல்லின் உள்பக்க பிஎச் சுமார் 7.5. பிரியாத அசிட்டிக் அமிலம் அங்கே நுழைந்தவுடன் புரோட்டானை விட்டு அயனியாகிவிடும். அயனியால் சவ்வைக் கடக்க முடியாது, உள்ளேயே தேங்கும். உள்பக்கம் 7.5, வெளிப்பக்கம் 7 என்றால் சமநிலையில் உள்ளே இருக்கும் அளவு வெளியே இருப்பதைப்போல் 3 மடங்கு. வெளிப்பக்கம் 6 என்றால் 30 மடங்கு. உங்கள் 60 மில்லிமோலாரை 30-ஆல் பெருக்கினால் செல்லால் தாங்கவே முடியாத எண் வரும். உண்மையில் அவ்வளவு தூரம் போவதற்குள், உள்ளே விழுந்த புரோட்டான்களை வெளியேற்றுவதிலேயே ஆற்றல் செலவாகி, உள்பக்க பிஎச் இறங்கி, வளர்ச்சி நின்றுவிடும். தேங்கிய அசிட்டேட் அயனிக்கு இடம் கொடுக்க, செல் தன் குளூட்டமேட் இருப்பையும் இழக்கிறது. மெத்தியோனைன் தயாரிப்பும் இடையில் தடைபடுகிறது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் மெத்தியோனைன் சேர்த்துப் பாருங்கள். வளர்ச்சி ஓரளவு மீண்டால் உங்கள் செல்லில் நடப்பது இதுதான்.

செய்ய வேண்டியவை: பிஎச்-ஐ 7-க்குக் கீழே விடாதீர்கள். மொத்த அசிட்டேட்டையும் தொடக்கத்திலேயே கொட்டாமல் 1 முதல் 2 கிராமில் தொடங்கி, குறையக் குறைய ஊட்டுங்கள். குளுக்கோஸில் வளர்ந்த விதைக் கல்ச்சரை நேரே அசிட்டேட்டுக்கு மாற்றினால் பல மணி நேரம் அசையாமல் கிடக்கும். அசிட்டேட்டைச் செல் பயன்படுத்தக்கூடிய அசிட்டைல்-கோஏ ஆக்கும் நொதி போதுமான அளவில் உருவாக நேரம் பிடிப்பதே காரணம். விதையையும் அசிட்டேட்டிலேயே ஒரு சுற்று வளர்த்துக்கொள்ளுங்கள்.

சோடியம் அசிட்டேட் பாட்டிலின் லேபிளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீரற்ற உப்பின் மூலக்கூறு எடை 82, மூன்று நீர் மூலக்கூறு சேர்ந்த உப்பினுடையது 136. 5 கிராம் எடுத்தால் முதலாவதில் 61 மில்லிமோலார், இரண்டாவதில் 37 மில்லிமோலார்தான் கிடைக்கும். ஒரே ஆய்வகத்தில் இரண்டு பேரின் முடிவுகள் ஒத்துப்போகாமல் இருக்க இதுவே போதும்.

ரப்பர் பாலை உறைய வைக்க நாங்கள் ஊற்றும் ஃபார்மிக் ஆசிட்டும் நீங்கள் சொல்லும் ஃபார்மேட்டும் ஒன்றா?
– ரப்பர் விவசாயி, குலசேகரம்

மூலக்கூறு ஒன்றுதான். உங்கள் தொட்டியில் அதன் புரோட்டான், ரப்பர் துகள்களின் எதிர் மின்னூட்டத்தைத் தணித்து அவற்றை ஒட்ட வைக்கிறது. அங்கே சவ்வைக் கடக்கும் வேலை இல்லை. அதே அமிலத்தைப் பசுந்தீவனப் பதப்படுத்தலில் சேர்ப்பதற்குக் காரணம் வேறு. பிஎச் 4-ஐ நெருங்கும்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிரியாத அமிலமாக இருப்பதால், தீவனத்தைக் கெடுக்கும் நுண்ணுயிரிகளுக்குள் அது புகுந்து அவற்றை முடக்குகிறது. முந்தைய பதிலில் ஈ. கோலைக்குத் தொல்லையாக இருந்த அதே வழி அங்கே பாதுகாப்பாகப் பயன்படுகிறது.

ஃபோக்-ஏ என்ற புரதம் ஃபார்மேட்டை வெளியேயும் தள்ளும், உள்ளேயும் இழுக்கும் என்று படித்தேன். ஒரே வாய்க்கால் எப்படி இரண்டு வேலையும் செய்கிறது?
– ஆராய்ச்சி மாணவி, தஞ்சாவூர்

ஈ. கோலை காற்றில்லாமல் குளுக்கோஸை நொதிக்கும்போது, அதன் கார்பனில் மூன்றில் ஒரு பங்கு வரை ஃபார்மேட்டாக மாறுகிறது. அவ்வளவும் உள்ளே இருந்தால் செல்லுக்குத் தீங்கு. நடுநிலை பிஎச்-இல் அயனியாக இருப்பதால் தானாக வெளியேறவும் முடியாது. ஃபோக்-ஏ அதை வெளியே விடுகிறது. நொதித்தல் தொடர்ந்து, மற்ற அமிலங்களும் சேர்ந்து மீடியத்தின் பிஎச் 7-க்குக் கீழே இறங்கும்போது நிலைமை திரும்புகிறது. ஃபார்மேட் மறுபடி உள்ளே வந்து, ஃபார்மேட் ஹைட்ரஜன் லையேஸ் என்ற நொதிக் கூட்டமைப்பால் ஹைட்ரஜனாகவும் கரியமில வாயுவாகவும் உடைகிறது. ஒவ்வொரு ஃபார்மேட்டோடும் ஒரு புரோட்டான் காணாமல் போவதால் அமிலத்தன்மை தணிகிறது. செல்லுக்கு இது தற்காப்பு.

2009-இல் வெளியான படிக அமைப்பில், ஐந்து ஒரே மாதிரித் துண்டுகள் வட்டமாகச் சேர்ந்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு துண்டிலும் தனித்தனித் துளை உண்டு. உருவத்தில் அது தண்ணீரைக் கடத்தும் அக்குவாபோரினை ஒத்திருந்தது பலருக்கு வியப்பு, ஏனென்றால் அமினோ அமில வரிசையில் அப்படி ஒற்றுமை எதுவும் இல்லை. துளையின் நடுவே 209-ஆம் இடத்தில் ஒரு ஹிஸ்டிடின் இருக்கிறது. உள்ளே வரும் ஃபார்மேட்டுக்குப் புரோட்டான் கிடைப்பதில் அதற்குப் பங்குண்டு. அந்த ஹிஸ்டிடினை மாற்றிவிட்டால் வெளியேற்றம் நடக்கிறது, உள்ளிழுப்பது கெட்டுவிடுகிறது. வடிவமைப்பாளருக்கு இது பெரிய வாய்ப்பு. ஒரே புரதத்தில் ஓரிடத்தை மாற்றி, ஒரு திசைக்கு மட்டும் சாய்ந்த வாய்க்காலை ஆக்க முடிகிறது.

ஆய்வகத்தில் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று. ஹைட்ரஜன் வரவில்லை, ஃபார்மேட் மீடியத்தில் தேங்குகிறது என்றதும் ஃபோக்-ஏ மீது பழி விழுகிறது. பல நேரம் குறை மீடியத்தில்தான். ஹைட்ரஜன் லையேஸ் வேலை செய்ய செலினியம், மாலிப்டினம், நிக்கல் மூன்றும் தேவை. எளிய உப்பு மீடியத்தில் சோடியம் செலினைட் 1 மைக்ரோமோலார், சோடியம் மாலிப்டேட் 1 மைக்ரோமோலார், நிக்கல் குளோரைடு 5 மைக்ரோமோலார் சேர்த்துவிட்டுப் பிறகு புரதத்தைச் சந்தேகியுங்கள்.

ஒரு கடத்திப் புரதத்தை ஈ. கோலையில் புகுத்தியிருக்கிறேன். அது உண்மையிலேயே கடத்துகிறது என்று எப்படி நிரூபிப்பது?
– ஆராய்ச்சி மாணவர், சென்னை

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். இத்துறையில் பிசகும் சோதனைகளில் பாதி இங்கேதான் பிசகுகின்றன.

முதலில் பின்னணிச் செல். உங்கள் சேர்மத்தை ஏற்கெனவே கடத்தும் புரதங்கள் அதில் இருக்கக் கூடாது. அசிட்டேட் என்றால் ஆக்ட்-பி, சாட்-பி என்ற இரு கடத்திகளையும் நீக்க வேண்டும். அதோடு அசிட்டேட்டைச் செரிக்கும் ஏசிஎஸ், ஆக்-ஏ, பிடிஏ மரபணுக்களையும் நீக்கிய செல் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வந்த அசிட்டேட் உடனே அசிட்டைல்-கோஏ ஆகிவிடும், நீங்கள் அளப்பது கடத்தலை அல்ல, செரிமான வேகத்தை. ஃபார்மேட் என்றால் ஃபோக்-ஏ மரபணுவை முழுதாக வெட்டி எறியாதீர்கள். அதே ஓபரானில் (சேர்ந்து இயங்கும் மரபணு வரிசையில்) அடுத்து இருப்பது ஃபார்மேட்டைத் தயாரிக்கும் பிஎஃப்எல்-பி. அதற்கான புரோமோட்டர்களில் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதிகளில்) சில ஃபோக்-ஏ மரபணுவுக்குள்ளேயே இருக்கின்றன. வெட்டினால் ஃபார்மேட் உற்பத்தியே சரிந்து, வெளியேற்றம் குறைந்துவிட்டது என்ற பொய் முடிவுக்கு வருவீர்கள். தொடக்கக் குறியீட்டை மட்டும் மாற்றுவது பாதுகாப்பு.

அளவிடும் முறை: கதிரியக்க கார்பன்-14 கொண்ட சேர்மம் கிடைத்தால் அதுவே சிறந்தது. செல்களை வளர்ச்சியின் நடுப்பகுதியில் எடுத்து, குளிர்ந்த பஃபரில் (பிஎச் எளிதில் மாறாத கரைசலில்) இருமுறை கழுவி, ‘ஓடி’ (செல் அடர்த்தியைக் காட்டும் கலங்கல் அளவு) 5 முதல் 10 வரை அடர்த்தியாக்கிப் பனிக்கட்டியில் வையுங்கள். சோதனைக்கு முன் 5 நிமிடம் வேண்டிய வெப்பநிலைக்குக் கொண்டுவாருங்கள். சேர்மத்தைக் கலந்ததும் 5, 10, 15, 30 விநாடிகளில் மாதிரி எடுத்து, 0.45 மைக்ரான் வடிதாளில் உறிஞ்சி, பனிக்குளிர் பஃபர் 2 மில்லிலிட்டரால் இருமுறை கழுவி எண்ணுங்கள். முதல் 15 விநாடி நேர்கோட்டில் போனால்தான் அது தொடக்க வேகம். ஃபார்மேட் கழுவும்போதே கசிந்து போகக்கூடியது. அதற்கு வடிகட்டுவதைவிட, செல்களைச் சிலிக்கோன் எண்ணெய் அடுக்கின் ஊடாகச் சுழற்றி இறக்கும் முறை நல்லது.

கதிரியக்க அனுமதி இல்லாத கல்லூரிகளில் ஃபார்மேட்டுக்கு இரண்டு மாற்று வழிகள் உண்டு. ஹைப்போஃபாஸ்ஃபைட் ஃபார்மேட்டைப் போன்ற உருவம் கொண்டது, ஃபோக்-ஏ வழியாக நுழைந்து செல்லை முடக்கும். காற்றில்லாத தட்டில் ஹைப்போஃபாஸ்ஃபைட் போட்டால், வாய்க்கால் இல்லாத செல் பிழைக்கும், வேலை செய்யும் வாய்க்கால் உள்ள செல் வளராது. செறிவைத் தொடர்வரிசையாக வைத்துப் பார்த்து உங்கள் செல் வகைக்கு ஏற்ற அளவைத் தேர்ந்தெடுங்கள். மற்றொன்று, எஃப்எச்எல்-ஏ என்ற புரதம் செல்லின் உட்பக்க ஃபார்மேட்டை உணர்ந்து எஃப்டிஎச்-எஃப் மரபணுவை இயக்குவதைப் பயன்படுத்துவது. அந்தப் புரோமோட்டரோடு, நிறம் தரும் நொதிக்கான லாக்-இசட் மரபணுவை இணைத்தால், நிறத்தின் அளவே உள்ளே இருக்கும் ஃபார்மேட்டைக் காட்டும்.

கட்டுப்பாட்டுச் சோதனைகளில் ஒன்றையும் விட்டுவிடாதீர்கள். கடத்தி மரபணு இல்லாத வெற்று பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) உள்ள செல் கட்டாயம். ஒரே செறிவில் நிறுத்தாமல் குறைந்தது ஆறு செறிவுகளில் அளவிடுங்கள். தானாகக் கசியும் பகுதி செறிவோடு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போகும், கடத்தியின் பகுதி ஓரிடத்தில் தட்டையாகும். பலர் புரோட்டான் சார்ந்த கடத்தி என்று நிரூபிக்க சிசிசிபி என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, திரட்சி குறைந்ததும் வெற்றி என்று எழுதிவிடுகிறார்கள். சிசிசிபி சவ்வின் இருபக்க பிஎச் வேறுபாட்டையே அழித்துவிடும். கடத்தியே இல்லாத செல்லிலும் அசிட்டேட் திரட்சி அப்போது குறையத்தான் செய்யும். எனவே சிசிசிபி சோதனையை வெற்று பிளாஸ்மிட் செல்லிலும் செய்து, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

செறிவுத் தேர்வுக்கு ஓர் உதாரணம். ஈ. கோலையின் ஆக்ட்-பி சுமார் 5 மைக்ரோமோலாரிலேயே பாதி வேகத்தை எட்டிவிடும், சாட்-பிக்கு ஏறக்குறைய 1.2 மில்லிமோலார் வேண்டும். முன்னது சிதறிக்கிடக்கும் துளி அசிட்டேட்டைப் பொறுக்கி எடுக்கும் புரதம். அதை 50 மில்லிமோலாரில் சோதித்தால் தானாகக் கசிவதே எல்லாவற்றையும் மூடி மறைத்துவிடும். அதே காரணத்தால், அசிட்டேட் நிறைந்த ஃபெர்மெண்டருக்காக ஆக்ட்-பியைப் பெருக்குவதில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை.

மீடியத்தில் மிச்சம் இருப்பதை அளக்க எச்பிஎல்சி (கரைசலில் உள்ளவற்றைப் பிரித்து அளக்கும் கருவி) போதும்: ஆர்கானிக் அமிலத்துக்கான எச்பிஎக்ஸ்-87எச் பிரிப்புக் குழாய், 5 மில்லிமோலார் கந்தக அமிலம், நிமிடத்துக்கு 0.6 மில்லிலிட்டர். லாக்டேட், ஃபார்மேட், அசிட்டேட் என்ற வரிசையில் வெளியே வரும்.

கடத்தியை அதிகமாக உற்பத்தி செய்யும்படி வைத்தேன். மரபணுவை இயக்கும் ஐபிடிஜி போட்ட ஒரு மணி நேரத்தில் கல்ச்சரின் ‘ஓடி’ அளவு இறங்க ஆரம்பிக்கிறது. புரதமே நஞ்சா?
– ஆய்வக உதவியாளர், திருச்சி

சவ்வுக்குள் புரதத்தைச் செருகும் பாதையில் நெரிசல் ஏற்பட்டுவிட்டது. செல்லுக்குத் தேவையான மற்ற சவ்வுப் புரதங்கள் தங்கள் இடத்துக்குப் போக முடியாமல் நிற்கின்றன. வழக்கமான பிஎல்21 ஈ. கோலைக்குப் பதில் சி41 அல்லது சி43 வகைச் செல்களை எடுங்கள். 1996-இல் வெளியான இந்த இரண்டு வகைகளும் இப்படிப்பட்ட நெருக்கடியில் பிழைத்தவற்றிலிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஐபிடிஜியை 1 மில்லிமோலாரிலிருந்து 0.05-க்கு இறக்குங்கள், வெப்பநிலையை 37-லிருந்து 25 டிகிரிக்கு இறக்குங்கள். பிளாஸ்மிடை விட்டு குரோமோசோமில் ஒரே ஒரு பிரதியாக, மிதமான புரோமோட்டரில் வைப்பது பெரும்பாலும் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

அதற்கும் முன்னால், நுழைவுதான் உண்மையான தடையா என்று கேளுங்கள். போட்ஸ்டாமில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் அர்ரன் பார்-ஈவன் குழு 2020-இல், ஈ. கோலையை ஃபார்மேட்டிலும் கரியமில வாயுவிலும் மட்டும் வளரச் செய்தது. முதலில் மிக மந்தமாக வளர்ந்த செல், ஆய்வகப் பரிணாமத்துக்குப் பிறகு 8 மணி நேரத்துக்குள் இரட்டிப்பாகும் நிலைக்கு வந்தது. வேகத்தைக் கூட்டிய மாற்றங்கள் ஃபார்மேட்டிலிருந்து ஆற்றலை எடுக்கும் ஃபார்மேட் டிஹைட்ரோஜினேஸ் நொதியின் உற்பத்தியிலும், அந்த ஆற்றலைச் சுமக்கும் என்ஏடிஎச் மூலக்கூறை அதன் மறுவடிவமான என்ஏடிபிஎச் ஆக்கும் புரதத்தின் உற்பத்தியிலும் இருந்தன. அந்த நிலையில் செல்லின் நெருக்கடி வாசலில் இல்லை, உள்ளே ஆற்றலைப் பிரித்துக்கொடுப்பதில் இருந்தது. செரிக்க முடியாத செல்லுக்கு வாசலை அகலப்படுத்தினால் நஞ்சுதான் கூடும்.

ஃபார்மேட்டில் ஃபெர்மெண்டர் ஓட்டுகிறோம். சோடியம் ஃபார்மேட் ஊட்டினால் பிஎச் 9 வரை ஏறுகிறது. ஃபார்மிக் அமிலத்தை ஊட்டினால் சில நாட்களில் கல்ச்சர் திடீரென்று செத்துவிடுகிறது. எது சரி?
– உற்பத்திப் பிரிவுப் பொறியாளர், ஓசூர்

ஃபார்மிக் அமிலம்தான் சரி. ஃபார்மேட் அயனி எரிந்து கரியமில வாயுவாகப் போகும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு புரோட்டான் செலவாகிறது. சோடியம் உப்பாகக் கொடுத்தால் சோடியம் மட்டும் பின்தங்கி பிஎச் ஏறும். மேலே சொன்ன ஈ. கோலையில் ஒரு மோல் ஃபார்மேட்டுக்கு 2.3 கிராம் உலர் செல்தான் கிடைத்தது. அதாவது 1 கிராம் செல்லுக்கு 0.43 மோல். அவ்வளவையும் சோடியம் உப்பாக ஊற்றினால் லிட்டருக்கு 25 கிராம் சாப்பாட்டு உப்பில் இருக்கும் அளவுக்குச் சோடியம் சேரும். செல் உப்பிலேயே நின்றுவிடும்.

அமிலமாகக் கொடுக்கும்போது பிஎச் கட்டுப்பாட்டையே ஊட்டும் கருவியாக்கிக்கொள்ளலாம். செல் ஃபார்மேட்டைத் தின்ன பிஎச் ஏறும், ஏறினால் பம்ப் அமிலத்தைச் சொட்டும், தின்பது நின்றால் சொட்டுவதும் நிற்கும். தொடக்கத்தில் 30 முதல் 40 மில்லிமோலார் சோடியம் ஃபார்மேட், அதாவது லிட்டருக்கு 2 முதல் 2.7 கிராம் இருக்கட்டும். 98 சதவீத ஃபார்மிக் அமிலம் சுமார் 26 மோலார். 1 மில்லிலிட்டர் கூடுதலாக விழுந்தால் 1 லிட்டர் கல்ச்சரில் 26 மில்லிமோலார் ஏறிவிடும். அதனால் 25 முதல் 50 சதவீதமாக நீர்த்துப் பயன்படுத்துங்கள்.

திடீர் மரணத்துக்கு நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது பிஎச் எலெக்ட்ரோடு. அது உண்மையைவிட 0.3 கூடுதலாகக் காட்டினால், பிஎச் 7-இல் வைக்கச் சொன்ன பம்ப் உண்மையான பிஎச் 6.7 வரை அமிலத்தைத் தள்ளும். பிரியாத அமிலத்தின் பங்கு இரண்டு மடங்காகும், செல் தின்பதைக் குறைக்கும். தினமும் மாதிரி எடுத்து வெளியே வேறொரு மீட்டரில் சரிபாருங்கள்.

இரண்டாவது சந்தேகம் கரியமில வாயு சிலிண்டர். 10 சதவீதக் கரியமில வாயு ஓடும் கலத்தில், பிஎச் 7-இல், 10 முதல் 15 மில்லிமோலார் பைகார்பனேட் கரைந்திருக்கும். சிலிண்டர் தீர்ந்து வெறும் காற்று ஓட ஆரம்பித்தால் அது வாயுவாக வெளியேறி பிஎச் ஏறும். செல் எதையும் தின்னவில்லை, ஆனால் பம்ப் தின்றதாக நினைத்து அதே அளவு ஃபார்மிக் அமிலத்தைச் சேர்க்கும். இரவில் சிலிண்டர் தீரும் ஆலைகளில் காலையில் கல்ச்சர் செத்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். வாயு ஓட்டம் நின்றால் அமில பம்பும் நிற்கும்படி இணைப்புக் கொடுங்கள்.

மூன்றாவது, சொட்டும் இடம். மேற்பரப்பில் கலக்கல் குறைந்த மூலையில் அமிலம் விழுந்தால், அந்தச் சிறு பகுதியின் பிஎச் சில விநாடி பாதாளத்துக்குப் போகும். அதன் வழியே வரும் செல்கள் எல்லாம் பிரியாத அமிலத்தை நிறைய வாங்கிக்கொள்ளும். கலக்கி இலைக்கு அருகே திறக்கும் மெல்லிய பிடிஎஃப்இ (டெஃப்லான்) குழாயில் விடுங்கள். எந்த இணைப்பும் நைலானில் இருக்கக் கூடாது. ஃபார்மிக் அமிலம் நைலானையே கரைக்கும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. செல் அம்மோனியத்தை எடுக்கும்போது புரோட்டானை வெளியிடும். 1 கிராம் உலர் செல்லுக்குச் சுமார் 10 மில்லிமோல். அந்த அளவுக்குப் பம்ப் அமிலத்தைக் குறைத்துச் சொட்டும். 4 கிராம் வளர்வதற்குள் தொடக்கத்தில் வைத்த 40 மில்லிமோலார் இருப்பு கரைந்து, செல் பட்டினி கிடக்கும். ஊட்டும் அமிலத்தில் 2 முதல் 3 மோல் சதவீதம் அம்மோனியம் ஃபார்மேட் கலந்துவிட்டால் கணக்கு நேராகும். அப்படியும் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை மிச்ச ஃபார்மேட்டை அளந்துகொள்ளுங்கள்.

அடர் ஃபார்மிக் அமிலம் மெதுவாகச் சிதைந்து கார்பன் மோனாக்சைடை வெளியிடும். காற்றுத் துளை உள்ள மூடியோடு, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கையுறையும் முகக் கவசமும் இல்லாமல் திறக்கவே கூடாது.

மெத்தனாலுக்குக் கடத்தி தேட வேண்டுமா?
– வாசகி, புதுச்சேரி

வேண்டாம். மின்னூட்டம் இல்லாத சிறிய மூலக்கூறு, தானே போய் வரும். சிக்கல் உள்ளே உருவாகும் ஃபார்மால்டிஹைடில். பிக்கியா ஈஸ்டில் கன அளவில் 0.5 முதல் 1 சதவீதத்துக்கு மேல் மெத்தனால் நிற்க விடாதீர்கள். 1 சதவீதம் என்பதே லிட்டருக்கு 7.9 கிராம். மெத்தனாலுக்கு மாறும் முன் கிளிசரால் முழுதாகத் தீர்ந்ததா என்று பாருங்கள். மிச்சம் இருந்தால், மெத்தனாலைச் செரிக்கும் நொதியை இயக்கும் ஏஓஎக்ஸ்1 புரோமோட்டர் திறக்காது, தின்னப்படாத மெத்தனால் தேங்கிக்கொண்டே போகும்.

பேக்கர்ஸ் ஈஸ்டில் லாக்டேட் நுழைவதற்கு ஜென்-1 கடத்தி இருக்கிறது என்கிறார்கள். எங்கள் ஈஸ்ட் தொடவே இல்லையே?
– கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

விதைக் கல்ச்சர் குளுக்கோஸில் வளர்ந்திருக்கும். குளுக்கோஸ் இருந்தால் ஜென்-1 மரபணு மூடிக்கிடக்கும். சவ்வில் ஏற்கெனவே இருக்கும் ஜென்-1-ஐயும் செல் யுபிக்விட்டின் என்ற அழிப்புக் குறியிட்டு உள்ளே இழுத்து அழித்துவிடும். செல்களைக் கழுவி, 0.5 சதவீத லாக்டிக் அமிலத்தை பிஎச் 5-க்குச் சரிசெய்து, அதிலேயே 4 முதல் 6 மணி நேரம் வைத்த பிறகு அளந்து பாருங்கள்.

இரும்பாலைப் புகையிலிருந்து பாக்டீரியா எத்தனால் தயாரிக்கிறதாமே. கார்பன் மோனாக்சைடு எந்தக் கடத்தி வழியாகப் போகிறது?
– பாலிடெக்னிக் மாணவர், சேலம்

எதுவும் இல்லை, நேராகச் சவ்வைக் கடக்கும். தடை அதற்கு முன்பே, வாயுக் குமிழியிலிருந்து நீருக்குள் கரையும் இடத்தில் இருக்கிறது. 25 டிகிரியில் தூய கார்பன் மோனாக்சைடு லிட்டருக்குச் சுமார் 28 மில்லிகிராம்தான் கரையும், ஹைட்ரஜன் 1.6 மில்லிகிராம். ஃபார்மேட்டைக் கிராம் கணக்கில் கரைக்கலாம் என்பதே அதன் பெரிய பலம். வாயுவை நம்பும் ஆலைகளில் செலவும் வடிவமைப்பும் குமிழிகளை நுண்ணியதாக்குவதிலும் உயரமான கலங்களிலும் அழுத்தத்திலும் போகின்றன. இப்படி எத்தனால் தயாரிக்கும் லான்சாடெக் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் முதல் வணிக ஆலை 2018-இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில் ஓர் இரும்பாலையோடு சேர்ந்து இயங்கத் தொடங்கியது. நம் நாட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையின் கழிவு வாயுவுக்கு அதே தொழில்நுட்பத்தை எடுத்திருக்கிறது.

ஸ்பைருலினா வளர்க்கிறோம். லிட்டருக்கு 16.8 கிராம் சமையல் சோடா போடச் சொல்கிறார்கள். பிஎச் 10.5-ஐத் தாண்டியதும் வளர்ச்சி மந்தமாகிறது. இன்னும் சோடா போடலாமா?
– ஸ்பைருலினா பண்ணையாளர், திண்டுக்கல்

16.8 கிராம் என்பது ஜாருக் மீடியத்தின் அளவு, 0.2 மோலார். கரியமில வாயு தானாகச் சவ்வைக் கடக்கும், ஆனால் உங்கள் தொட்டியின் பிஎச்-இல் அது இருப்பதே அபூர்வம். கார்பன் எல்லாம் பைகார்பனேட் அயனியாக இருக்கும். அதை இழுக்க ஸ்பைருலினா போன்ற சயனோபாக்டீரியாக்களிடம் பிக்-ஏ, எஸ்பிடி-ஏ போன்ற கடத்திகள் உள்ளன. இவை பைகார்பனேட்டோடு சோடியத்தையும் சேர்த்து உள்ளே எடுக்கும். சோடியத்தின் இறக்கமே அவற்றுக்கு உந்துவிசை. உள்ளே வந்த பைகார்பனேட் கார்பாக்சிசோம் என்ற சிறு கூட்டில் கரியமில வாயுவாக மாறி ஒளிச்சேர்க்கைக்குப் போகிறது, காரம் வெளியே மிஞ்சுகிறது. அதனால்தான் பிஎச் ஏறுகிறது.

பிஎச் ஏறினால் பைகார்பனேட் கார்பனேட்டாக, அதாவது சலவை சோடாவாக மாறும். தூய நீரில் பிஎச் 9.5-இல் 87 சதவீதம் பைகார்பனேட், 10.5-இல் 40 சதவீதம்தான். உப்பு மிகுந்த தொட்டியில் இந்தச் சரிவு இன்னும் முன்கூட்டியே வந்துவிடும். கார்பனேட்டைக் கடத்திகள் தொடுவதில்லை. தொட்டியில் கார்பன் நிறைய இருந்தும் செல் பட்டினி கிடப்பது இப்படித்தான்.

மேலும் சோடா போட்டால் சில நாள் தாங்கும், ஆனால் உப்புச் சேர்ந்துகொண்டே போகும். கரியமில வாயு செலுத்துவது நல்லது. அது கார்பனேட்டை மறுபடி பைகார்பனேட்டாக்கும், தொட்டியில் உப்பு ஒரு கிராம்கூட ஏறாது. 1 கிராம் உலர் ஸ்பைருலினாவுக்குச் சுமார் 1.7 கிராம் கரியமில வாயு கணக்கு, வீணாகிப் போவதற்கும் சேர்த்து அதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் மட்டும், பிஎச் 10-ஐத் தாண்டும்போது திறந்து 9.5-இல் மூடுங்கள். 9-க்குக் கீழே போனால் குளோரெல்லா போன்ற பச்சைப் பாசிகள் நுழைந்துவிடும். விலை பார்த்துச் சோடியம் பைகார்பனேட் முழுவதையும் பொட்டாசியம் உப்பாக மாற்றாதீர்கள், கடத்திகளுக்குச் சோடியம் வேண்டும். பிஎச் மீட்டரை 4, 7 பஃபர்களோடு நிறுத்தாமல் 10 பஃபரிலும் சரிபாருங்கள். 9.5-க்கும் 10.5-க்கும் இடையில்தான் உங்கள் தொட்டியின் முடிவுகள் எல்லாம் இருக்கின்றன.